சம்பள நாளும் சந்தைக்காரர் கணக்கும்



2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து 1,700 வெள்ளியாக உயர்ந்தது. மாதம் இருநூறு வெள்ளி. சும்மா வந்த இருநூறு இல்லை. பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டு வாங்கியது. அந்த இருநூறு வெள்ளி இப்போது எங்கே இருக்கிறது?

போகிற தோட்டங்களில் எல்லாம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறோம். "சாமான் விலை ஏறிப் போச்சுண்ணே" என்கிறார் ஒருவர். "பிள்ளைங்க பள்ளிக்கூடச் செலவுண்ணே" என்கிறார் இன்னொருவர். இரண்டும் உண்மை, மறுக்க முடியாது. ஆனால் வாசல் திண்ணையில் உட்கார்ந்து, மாதச் செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தால் மூன்றாவது பதில் ஒன்று வெளியே வரும். கைப்பேசிக்குத் தவணை. சோபாவுக்குத் தவணை. தண்ணீர் வடிகட்டிக்குத் தவணை. "இதெல்லாம் எப்போ வாங்கினீங்க?" என்று கேட்டால், "எப்படி வாங்கினோம்னே தெரியலண்ணே, வாங்கிட்டோம்" என்று சிரிக்கிறார்கள்.

நாம் எப்படி வாங்கினோம் என்பது நமக்குத் தெரியாமல் இருக்கலாம். விற்றவருக்கு நன்றாகத் தெரியும். இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

சந்தைக்காரர் படிக்கும் பாடம்

வியாபாரம் கற்றுக்கொடுக்கும் கல்லூரிகளில் 'பயனீட்டாளர் நடத்தை' என்று ஒரு பாடமே இருக்கிறது. விற்கப் போகிறவர் சரக்கைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால் வாங்கப் போகிறவரைப் பற்றிப் படிக்கிறார். வீட்டில் காசு யார் கையில்? வாங்கலாம் என்று முடிவு செய்வது யார்? எந்தத் தேதியில் கையில் காசு இருக்கும்? எதற்கு ஆசைப்படுகிறார்? எதற்குப் பயப்படுகிறார்? பக்கத்து வீட்டில் இருந்து தன் வீட்டில் இல்லாவிட்டால் எதற்கு வெட்கப்படுவார்? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் பொட்டலத்தின் அளவு, விலை, விளம்பரம், கடை போடும் இடம் எல்லாம் தீர்மானமாகின்றன.

இந்தப் பாடமே கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. தையற்காரர் அளவெடுக்காமல் சட்டை தைக்க முடியுமா? பழைய தோட்டத்து மளிகைக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லை, வீட்டில் அடுப்பு எரியாது என்பது அவருக்குத் தெரியும். 555 என்று அட்டையில் போட்ட சின்னப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு கொடுத்தார். அதுவும் வாடிக்கையாளரை அறிந்த வியாபாரம்தான். அந்தப் புத்தகத்தால் பிழைத்த குடும்பங்களும் உண்டு. அதே புத்தகத்தில் நாம் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒன்றுக்கு இரண்டாக எழுதப்பட்டு, கடைசி வரை கடன் தீராத குடும்பங்களும் உண்டு. அளவெடுப்பது சட்டை தைக்கவா, சட்டைப் பையை அறுக்கவா என்பதுதான் கேள்வி.

கள்ளுக்கடை கற்றுத் தந்தது

நம் பாட்டன் காலத்தில் இந்தப் பாடத்தை வெள்ளைக்காரர் கல்லூரிக்குப் போகாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை எங்கே இருந்தது? தோட்டத்துக்கு உள்ளேயே, லயங்களுக்குப் பக்கத்திலேயே. அதற்கு விளம்பரம் எதுவும் தேவைப்படவில்லை. விடியற்காலையில் இருந்து உழைத்த உடம்பு, மாலை நேரம், மடியில் சம்பளக் காசு, வீட்டுக்குப் போகிற வழியில் கடை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் படித்த மேதாவிகள் அல்லர், தோட்டத் தொழிலாளர்களே. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச்.நாதன் தலைமையில் நடந்த வேலை நிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். சம்பள உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி கேட்டார்கள். அவற்றோடு சேர்த்துத் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். சம்பளத்தை உயர்த்துவதும், உயர்ந்த சம்பளம் வீடு போய்ச் சேருவதும் ஒரே போராட்டத்தின் இரண்டு பக்கங்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு வந்த 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமும் இதை ஒப்புக்கொண்டது. மதுக்கடையிலோ சில்லறைக் கடையிலோ வைத்துத் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. அந்தக் கடையில் வேலை செய்பவருக்கு மட்டும் விலக்கு. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவு செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டால் அது செல்லாது. காசு கைக்கு வரும் இடமும் காசு கையை விட்டுப் போகும் இடமும் ஒன்றாக இருந்தால் தொழிலாளி வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போவார்; அதனால் இரண்டையும் சட்டம் போட்டுப் பிரித்தார்கள்.

இன்று நிலைமை என்ன? சம்பளம் வங்கிக் கணக்கில் விழுகிறது. விழுந்த செய்தி கைப்பேசியில் வருகிறது. அடுத்த நிமிடம் அதே கைப்பேசியில் கடையும் திறக்கிறது. சட்டம் பிரித்து வைத்ததைக் கைப்பேசி மறுபடியும் ஒட்டி வைத்துவிட்டது. அந்தக் காலத்தில் கள்ளுக்கடையைத் தாண்டிப் போக வேறு பாதை இருந்தது. இது தலையணைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது.

தாயின் பயத்தை விற்றவர்கள்

ஆசையைப் போலவே பயமும் ஒரு முதல்தான். இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. 1939-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ரோட்டரி சங்கத்தில் ஒரு சொற்பொழிவு செய்தார். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. இனிப்புக் கட்டிப்பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்ற உணவு என்று விற்கிறார்கள். தாய்ப்பாலை விட்டு அதைக் குடித்த பிள்ளைகள் சாகிறார்கள். இதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்று முகத்துக்கு நேரே பேசினார்.

அந்தப் பாலை வாங்கிய தாய் முட்டாளா? இல்லை. பிள்ளை மெலிந்து போகிறதே என்ற பயம் எந்தத் தாய்க்கும் உண்டு. இருட்டோடு வேலைக்குப் போகிற தாய்க்கு அது இரட்டிப்பு. வெள்ளை உடை உடுத்தி, தாதி போல் ஒருவர் வந்து டின்னை நீட்டினால் நம்பத்தானே செய்வாள்? பல நாடுகளில் பால் மாவுக் கம்பெனிகள் அப்படித்தான் ஆட்களை அனுப்பின. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்த பிறகு, 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் தாய்ப்பாலுக்குப் பதிலாக விற்கும் உணவுகளுக்கு ஒரு விற்பனை நெறிமுறையை ஏற்றது. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. விற்பனைக்காரர் தாயின் பயத்தைப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம்.

சக்கரம் வைத்த கூடை

இனி பேரங்காடிக்குள் போவோம். பட்டணத்துக்குப் போனால் குடும்பத்தோடு உள்ளே நுழைகிறோம். குளிர்சாதனம் இருக்கிறது, பிள்ளைகளுக்கும் சந்தோஷம்.

முன்பு கடையில் நாம் கேட்பதைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். 1916-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர், வாடிக்கையாளரே உள்ளே நடந்து எடுத்துக்கொள்ளும் கடையைத் திறந்தார். ஆள் செலவு மிச்சம். அதோடு, உப்பு வாங்க வந்தவர் ஒவ்வொரு அடுக்கையும் கடந்துதான் போக வேண்டும். 1937-இல் ஓக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடைக்காரர் ஒன்றைக் கவனித்தார். கைக்கூடை நிறைந்து கனத்ததும் பெண்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர் கூடைக்குச் சக்கரம் வைத்தார். கை வலிக்கவில்லை, வாங்குவதும் நிற்கவில்லை. இன்று நாம் தள்ளிக்கொண்டு போகும் தள்ளுவண்டியின் கதை இதுதான்.

விலைச் சீட்டைப் பாருங்கள். 9.99 வெள்ளி. நம் கண் ஒன்பதைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் இந்த நாட்டில் 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஒரு காசு நாணயம் கணக்கில் இல்லை. ரொக்கமாகக் கட்டும்போது மொத்த பில்லை அருகில் உள்ள ஐந்து காசுக்குத் திருத்திவிடுகிறார்கள். பில் 9.99 என்றால் நாம் கொடுப்பது பத்து வெள்ளி! கையில் இல்லாத ஒரு காசைக் காட்டி நம் கண்ணை ஏமாற்றும் வித்தை இது.

இன்னொன்று, 'பெரிய பொட்டலம் மலிவு' என்ற நம் பழக்கம். உதாரணத்துக்கு, 750 கிராம் சவர்க்காரத் தூள் 6.90 வெள்ளி, இரண்டு கிலோ 19.90 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சின்னதில் ஒரு கிலோ 9.20 வெள்ளி ஆகிறது, பெரியதில் 9.95 வெள்ளி. பெரியதுதான் விலை கூட! நம் பிள்ளைகள் பள்ளியில் வகுத்தல் படிக்கிறார்கள். கடைக்குப் போகும்போது அந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். நமக்கும் காசு மிச்சம், அவர்களுக்கும் பாடம் மனதில் நிற்கும்.

"மாசம் எவ்வளவு?"

எல்லாவற்றையும்விட நம் குடும்பங்களை அதிகம் அரிப்பது தவணை. இதுவும் புதிதல்ல. 1856-இல் அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்கத் தொடங்கியது. முழு விலையைச் சொன்னால் வாங்க முடியாத குடும்பம், மாதம் இவ்வளவு என்றால் தலையாட்டும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். தையல் இயந்திரமாவது வீட்டில் இருந்து நாலு காசு சம்பாதித்துக் கொடுத்தது. இன்று நாம் தவணைக்கு வாங்குபவற்றில் எத்தனை நமக்குச் சம்பாதித்துக் கொடுக்கின்றன?

தவணைக்காரர் நம்மை ஒரு கேள்வியிலேயே நிறுத்தி வைக்கிறார்: "மாசம் எவ்வளவு?" மொத்தம் எவ்வளவு என்ற கேள்வி நம் வாயில் வராமல் பார்த்துக்கொள்கிறார். 1,200 வெள்ளிக் குளிர்பதனப் பெட்டி, மாதம் 75 வெள்ளி, இருபத்து நான்கு மாதம் என்றால் கேட்க இதமாக இருக்கிறது. பெருக்கிப் பாருங்கள்: 1,800 வெள்ளி. ஒன்றரைப் பெட்டிக்குக் காசு கொடுத்து ஒரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

'படிக்காதவர்கள், அதனால் ஏமாறுகிறார்கள்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2001-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், பெரிய பல்கலைக்கழகத்தில் வியாபாரம் படிக்கும் மாணவர்களிடமே விளையாட்டு டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, கடன் அட்டையில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு மடங்கு வரை அதிகம் கேட்டார்கள். காசு கையை விட்டுப் போவதைக் கண் பார்க்காவிட்டால் மனம் வலிப்பதில்லை. இது மனித சுபாவம். லயத்தில் இருப்பவருக்கும் பங்களாவில் இருப்பவருக்கும் ஒன்றுதான். பங்களாக்காரருக்கு அது சில்லறை நஷ்டம். நமக்கு அது பிள்ளையின் பள்ளிச் செலவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது கைப்பேசியில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்ற ஏற்பாடு பரவியிருக்கிறது. தாள் இல்லை, ஜாமீன் இல்லை, கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்படவும் வேண்டியதில்லை. இந்தக் கம்பெனிகளையும் உரிமத்துக்கும் கண்காணிப்புக்கும் உட்படுத்தும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு நம் கட்டைவிரல் பொத்தானை அமுக்கும்போது பக்கத்தில் நின்று தடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது.

லயத்து வாசலில் நடந்தது

நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். ஒரு தோட்டத்தில், சம்பளம் விழுந்த வாரம், கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் இருவர் வந்தார்கள். வந்த நேரம் காலை பத்து மணி. ஆண்கள் காட்டில், வீட்டில் தாய்மாரும் கைக்குழந்தைகளும். இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைத்தார்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவர்கள் வடிகட்டியில் இருந்து எடுத்த தண்ணீர். கம்பிகள் பொருத்திய ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள். சிறிது நேரத்தில் குழாய்த் தண்ணீர் சேறு போல் கறுத்துப் போனது. மற்றது தெளிவாகவே இருந்தது. "இதையாக்கா பிள்ளைக்குக் குடுக்குறீங்க?" என்றார் ஒருவர். அவ்வளவுதான். நான்கு வீட்டில் கையெழுத்து விழுந்தது.

ஒரு தாய் மூன்றாம் நாள் தாளை எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "கையெழுத்துப் போட்டதுலேருந்து தூக்கமே வரலண்ணே. மாசம் எண்பது வெள்ளி, மூணு வருஷம்." மொத்தம் 2,880 வெள்ளி. நம் கிளையில் அறிவியல் படித்த ஒரு தம்பி அதே சோதனையைச் செய்து காட்டினார். கறுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து வருகிற துரு. குழாய்த் தண்ணீரில் இயற்கையாகக் கரைந்திருக்கும் உப்புக்கள் மின்சாரத்தைக் கடத்துகின்றன. வடிகட்டியது உப்பு நீங்கிய தண்ணீர். அதில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. அந்தத் 'தெளிந்த' தண்ணீரிலும் தம்பி ஒரு சிட்டிகை உப்பைப் போட்டார். அதுவும் கறுத்தது! அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீடு தேடி வந்து விற்பவர்களுக்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது. ஒப்பந்தம் செய்து பத்து வேலை நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ள வாங்கியவருக்கு உரிமை உண்டு. அன்றே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்த வீட்டில் கருவி பொருத்தப்படாமலே விஷயம் முடிந்தது. இன்னொரு வீட்டுக்காரர் நம்மிடம் வந்தபோது இரண்டு மாதம் ஓடிவிட்டது. கையில் நிலுவைத் தொகை கேட்டு வந்த கடிதம். அவருக்காக நாம் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். "வெட்கமா இருந்துச்சுண்ணே, அதான் சொல்லல" என்றார். அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் விற்பனைக்காரர் கணக்குப் போட்டிருக்கிறார் என்பதை மறக்காதீர்கள்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தோட்டத்துத் தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் என்று நாம் சொல்லவில்லை. சில இடங்களில் கலங்கித்தான் வருகிறது. ஆனால் தோட்டத்துக் குடியிருப்புக்கு இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய்த் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டு குறைந்தபட்ச வீடமைப்பு வசதிச் சட்டம் சொல்கிறது. நிர்வாகம் நமக்குத் தர வேண்டியதை, விற்பனைக்காரர் நமக்கே தவணைக்கு விற்கிறார். நாமும் புகார் எழுதுவதை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்!

நம்மை நாமே படிப்போம்

அவர்கள் நம்மைப் படிப்பதை நிறுத்த மாட்டார்கள். ஆகவே நம் பழக்கத்தை நாமும் படிக்க வேண்டும். அதற்குக் கல்லூரி வேண்டாம். ஒரு 555 புத்தகம் போதும். இந்த முறை அதை எழுதுவது கடைக்காரர் அல்ல, நாம். ஒரு மாதம் மட்டும் வாங்கியது என்ன, எந்த நேரத்தில், யார் சொல்லி என்று எழுதிப் பாருங்கள். சம்பளம் விழுந்த முதல் மூன்று நாளில் எவ்வளவு போகிறது என்பது அதிலே தெரிந்துவிடும்.

பெரிய சாமானை அன்றே வாங்காதீர்கள். நாளைக்கு வாருங்கள் என்று சொல்லுங்கள். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரம் அவருடையது, நம்முடையது அல்ல. 'மாசம் எவ்வளவு?' என்று கேட்ட வாயால் 'மொத்தம் எவ்வளவு?' என்றும் கேளுங்கள். புரியாத மொழியில் உள்ள தாளில் கையெழுத்து வேண்டாம். கிளைக்குக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. ஏமாந்துவிட்டால் ஒளிக்காதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அமைந்த நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வைத்திருந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி.

கடைசியாக ஒன்று. தொழிலாளியின் பழக்கத்தை நன்றாக அறிந்த வேறொருவரும் இருந்தார். 1960-இல் துன் வி.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நேரம் அது. தொழிலாளியால் மொத்தமாகப் பணம் கொடுக்க முடியாது, பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அந்தச் சின்னக் காசு சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. கெடாவில் புக்கிட் சிடிம் முதலாவது. சோபா விற்கிறவரும் நம் பத்து வெள்ளியைத்தான் கேட்கிறார். அவரும் அதைத்தான் கேட்டார். ஒன்று மூன்று வருடத்தில் கிழிந்து போகிறது, மற்றது நிலமாக நின்றது.

அடுத்த சம்பள உயர்வுக்கும் நாம் போராடத்தான் போகிறோம். அது வருவதற்கு முன்னால் இப்போது வந்த இருநூறு வெள்ளி எந்த வழியாக வெளியே போகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் பார்ப்போம். ஓட்டைச் சட்டியில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது, தோழர்களே! முதலில் ஓட்டையை அடைப்போம்.